உப்புக்காற்றுக்குத் தாங்குவது எது? வில்லுப்பாட்டுப் பதிவுகளைச் சேமித்த அனுபவம்

குளச்சலில் கடல் பக்கம்தான் வீடு. பூட்டு, கொக்கி, ஸ்க்ரூ எதையும் விட்டுவைக்காத காற்று. போதாததற்கு வருஷத்தில் இரண்டு பருவமழை. அப்பா மைக்செட் போட்டவர் என்பதால், அம்மன் கோவில் கொடை விழாக்களில் பதிந்த வில்லுப்பாட்டு கேசட்டுகள் ஒரு பீரோ நிறைய இருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பல வருஷமாகக் காப்பாற்றி வருவதில் கண்டதை எழுதுகிறேன்.

கேசட்டை லேசாக நினைக்கக்கூடாது. சி-60 நாடாக்கள் பெரும்பாலும் நன்றாகவே பாடின. மெல்லிய நாடா கொண்ட சி-120 தான் சுருங்கியும் சிக்கியும் படுத்தியது. சிலவற்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. சிலவற்றில் நாடாவை டேப் ரெக்கார்டரின் ஹெட்டோடு (நாடாவைப் படிக்கும் பகுதி) அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுத் துண்டு கழன்று விழுந்திருந்தது. அதை ஒட்டினால் போதும், சத்தம் திரும்பிவிடும். ஹெட் பக்கத்து ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, ஜால்ராச் சத்தம் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். குடம் தட்டும் சத்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அது எப்படியும் கேட்கும்.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் இடம் நன்றாக மிச்சமாகும். எம்பி3 வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும்.

முதலில் கடையில் கொடுத்து சிடியில் எழுதி வாங்கினோம். கேசட்டை விட சீக்கிரம் போனது அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசி குத்தியது போலத் துளைகள். ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் லேபிள் பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே பால்பாயின்ட் பேனாவால் எழுதினாலே சேதம். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கீறலுக்குக் கொஞ்சம் தேவலை. ஆனால் இரண்டிலும் எழுதப்படுவது சாயத்தில்தான். சாயத்துக்கு வெயிலும் ஆகாது, ஈரமும் ஆகாது.

அப்புறம் எம்-டிஸ்க் (M-DISC), நீண்ட காலம் வைப்பதற்கென்றே வந்த டிஸ்க். இதில் கரிமச் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலம். ஆயிரம் வருஷம் என்று விளம்பரம் செய்தார்கள். யார் இருந்து பார்ப்பது! ஆனால் என்னிடம் உள்ளவை இன்றுவரை பிசகாமல் படிக்கின்றன. எழுதத்தான் அதற்கு ஏற்ற டிரைவ் வேண்டும், படிக்கச் சாதாரண டிரைவ் போதும். எனக்குக் கவலை டிஸ்க்கைப் பற்றி இல்லை, டிரைவைப் பற்றித்தான். இப்போது வரும் லேப்டாப்களில் டிரைவே இல்லை. சோனி 2025 பிப்ரவரியோடு ப்ளூ-ரே காலி டிஸ்க் தயாரிப்பையும் நிறுத்திவிட்டது.

அதனால் முதல் இரண்டு காப்பியும் ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவதுதான் எம்-டிஸ்க்கில். ஹார்ட் டிஸ்க் இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்று இங்கே, இன்னொன்று மதுரையில் அக்கா வீட்டில். காற்றும் அங்கே காய்ந்த காற்று. சித்திரைத் திருவிழாவுக்குப் போகும்போது புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருவேன். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 எண் (கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரி) எடுத்து வைத்திருக்கிறேன். ஒருமுறை சரிபார்த்தபோது இங்குள்ள டிஸ்க்கில் சுடலைமாடன் கதை ஒன்றின் எண் ஒத்துப்போகவில்லை. பாடவைத்தால் வித்தியாசமே தெரியாது! மதுரைக் காப்பியிலிருந்து அதை மீட்டேன். இந்த வேலையைச் செய்யாதவர்கள் எந்த மீடியா வாங்கினாலும் ஒன்றுதான்.

பென் டிரைவ், எஸ்எஸ்டி இரண்டும் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால், தகவலைத் தாங்கி நிற்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். பெரிய நிறுவனங்கள் தகவல் சேமிக்கும் எல்டிஓ (LTO) நாடா நல்லதுதான், ஆனால் டிரைவ் லட்சக்கணக்கில் விலை. வீட்டுக்குச் சரிப்படாது.

எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. அது பச்சையாக மாறினால் எடுத்து உலர்த்திப் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பார்ப்பது நல்லது. எம்-டிஸ்க்குக்கு உபரியாக ஒரு டிரைவும் கொஞ்சம் காலி டிஸ்க்கும் வாங்கி வைத்திருக்கிறேன். அவையும் தீர்ந்தால் மூன்றாவது காப்பியும் ஹார்ட் டிஸ்க்தான், அதைத் தென்காசியில் மாமா வீட்டில் வைப்பதாகப் பேச்சு.