பாப்கார்னா, ஓட்டுக்கடலையா? தியேட்டருக்குள் எது கடைசி வரை நிற்கும்

சில மாதங்களுக்கு முன் தருமபுரியில் நாங்கள் நான்கு பேர் ஒரு படத்துக்குப் போனோம். பெரிய டப்பா பாப்கார்ன் ஒன்று வாங்கினேன். ஹீரோ திரைக்கு வருவதற்குள் பாதி காலி. இடைவேளை விளக்கு எரிந்தபோது அடியில் பொரியாத சோளமும் உப்புத்தூளும்தான் கிடந்தன. "இவ்வளவையும் யாருப்பா தின்னது?" என்று மகள் கேட்டாள். நாலு பேரும்தான் தின்றோம், ஆனால் யாருக்கும் தின்ற ஞாபகமே இல்லை. அடுத்த படத்துக்கு ஓட்டோடு வறுத்த கடலை வாங்கிக்கொண்டு போனோம். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது.

பாப்கார்னின் நல்லதெல்லாம் தெரிந்ததுதான். வாசனை கதவிலேயே இழுக்கும், மெல்லும் சத்தம் குறைவு, சட்டையில் சிந்தினால் தட்டிவிட்டால் போதும். தியேட்டர்காரர்களுக்கும் அதுதான் பிழைப்பு. டிக்கெட் காசில் விநியோகஸ்தருக்குப் பங்கு போகும், தின்பண்டக் காசு தியேட்டரிலேயே நிற்கும். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கத் தியேட்டர்கள் பலவற்றைத் தாங்கிப் பிடித்ததே பாப்கார்ன்தான். சமோசா, பப்ஸ் எல்லாம் சூடாக இருந்தால் சரி, ஆனால் இடைவேளைக்குள் தின்று முடிக்கிற சாமான் அது.

எனக்கு முடிவைச் சொன்னது விலையோ ருசியோ இல்லை, கைதான். இருட்டில் கண் திரையில் இருக்கும்போது கை தன்பாட்டுக்கு டப்பாவுக்கும் வாய்க்கும் போய்வருகிறது. 2011இல் டேவிட் நீல், வெண்டி வுட் முதலான ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதுப் பாப்கார்ன், சிலருக்கு ஒரு வாரம் ஆன பழையது. தியேட்டரில் பாப்கார்ன் தின்றே பழகியவர்கள், நன்றாக இல்லை என்று தெரிந்தும், பழையதையும் புதியதன் அளவுக்கே தின்றார்கள். வழக்கமாகத் தின்னும் கையை விட்டு மற்றக் கையால் தின்னச் சொன்னதும் அந்தப் பழக்கம் அறுந்துபோனது.

ஓட்டுக்கடலை இதை யாரும் சொல்லாமலே செய்துவிடுகிறது. இரண்டு கையும் வேண்டும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஓடு பிளக்கும், பருப்பைத் தேய்த்தால் சிவப்புத் தோல் உதிரும், அப்புறம்தான் வாய்க்கு. ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் ஆகிறது. காட்சி விறுவிறுப்பானால் விரல் தானாக நின்றுவிடும். அதனால் ஒரு பெரிய பொட்டலம் நாலு பேருக்கு இடைவேளை தாண்டியும் வருகிறது, ருசியும் நாக்கில் நிற்கிறது. எங்கள் பக்கம் மானாவாரிக் காட்டில் விளைகிற பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் புதுக்கடலை வரும்போது அவித்துத் தின்றால் இன்னும் ருசி. ஆனால் அது ஈரம், தியேட்டருக்கு ஆகாது.

குறையும் இருக்கிறது. அமைதியான காட்சியில் ஓடு உடைகிற சத்தம் முன்வரிசை வரை கேட்கும். அதனால் பாட்டு, சண்டை வரும்போதுதான் உடைக்கிறோம். ஓட்டைக் கீழே போடவே கூடாது. அடுத்த காட்சிக்குள் கூட்டி முடிக்க ஓடிவருகிற அக்காவின் இடுப்புதான் நோகும். மடியில் ஒரு துணிப்பை விரித்து அதிலேயே போட்டுக்கொள்கிறோம். கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய் என்பதால் அளவும் முக்கியம்.

எல்லாத் தியேட்டரிலும் இது நடக்காது. வெளி உணவுக்குத் தியேட்டர் தடை போடலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடிதண்ணீரை மட்டும் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவையும் கொண்டுபோகலாம். ஆகவே வாசலிலேயே கேட்டுவிடுவேன், ஒளித்துக் கொண்டுபோவதில்லை. மல்டிபிளெக்ஸ் அனுபவம் எனக்குக் குறைவு. ஓசூரில் இரண்டு முறை போனதோடு சரி. அங்கே விற்கிற கேரமல், சீஸ் வகைகளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கடலைக்கு அனுமதி இல்லாத இடத்தில் பாப்கார்ன்தான். ஆனால் படம் தொடங்கும்போது வாங்குவதில்லை. இடைவேளையில், சின்ன டப்பா ஒன்று, நடுவில் மகள் மடியில்.