சம்ப், ரெஃப்யூஜியம்: கண்ணாடி வேலைக்கு முழு மதிப்பெண், குழாய் வேலைக்குப் பாதி

சென்னையில் ‘சம்ப்’ என்றால் வீட்டுக்குத் தண்ணீர் தேக்கும் தரையடித் தொட்டி என்றே பொருள். கடல்மீன் வளர்ப்பிலோ அது, மேல்தொட்டியின் நீர் இறங்கிச் சுத்தமாகி மீண்டும் மேலே ஏறும் துணைத்தொட்டி. ஆகவே கடல்மீன் தொட்டிக்குக் கீழே வைக்க ஒரு சம்ப் வேண்டும் என்று நான் கேட்டபோது, கொளத்தூரில் உள்ள அந்தக் கடையின் உரிமையாளர் எதிர்க்கேள்வி எதுவும் போடாமல் ஸ்டாண்டின் உள்ளளவைக் கேட்டதே எனக்கு நம்பிக்கையைத் தந்தது. 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட தொட்டி, ஸ்டாண்டுக்குள் அடங்கும் 3 அடி சம்ப், இரண்டையும் இணைக்கும் குழாய் வேலை ஆகிய மூன்றையும் ஒரே ஒப்பந்தமாக அவர்களிடம் கொடுத்தேன். ஐந்து மாதங்கள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கண்ணாடி வேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. விளிம்புகள் கையைக் கிழிக்காதபடி தேய்க்கப்பட்டிருந்தன. துளைகள் ஒரு சில்லுகூடப் பெயராமல் வட்டமாக விழுந்திருந்தன. சம்ப்பில், தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் அறைக்கு முன்னால் குமிழிகளைப் பிடிக்கும் தடுப்புகளுக்கிடையே ஓர் அங்குல இடைவெளி சீராக இருந்தது. சிலிக்கான் கசிவு இன்றுவரை இல்லை.

குழாய் வேலைக்கு வந்தவர் வீட்டுக் குழாய்களில் கைதேர்ந்தவர், பி.வி.சி. வெட்டுவதிலும் சால்வென்ட் பூசி ஒட்டுவதிலும் அவரிடம் பிழையில்லை. ஆனால் கடல்நீர்த் தொட்டிக்கென்று தனியான கணக்குகள் உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் கேட்டிருந்தது ஹெர்பி முறை: தண்ணீர் இறங்கும் குழாய்கள் இரண்டு, ஒன்று காற்றே புகாமல் முழுக்க நீர் நிறைந்து ஓட வேண்டும், மற்றொன்று முதலாவது அடைபட்டால் மட்டும் வேலை செய்ய வேண்டும். முதல் குழாயின் ஓட்டத்தை நூலளவு கூட்டிக் குறைக்க கேட் வால்வு தேவை; பால் வால்வில் அந்த நுணுக்கம் வராது. அவர் கொண்டு வந்ததோ பளபளக்கும் பித்தளை கேட் வால்வு. பித்தளையில் இருக்கும் தாமிரம் உப்புநீரில் கரைந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்று சொன்னபோது, வீடுகளில் இதைத்தானே போடுகிறோம் என்று அவர் உண்மையாகவே வியந்தார். பி.வி.சி. கேட் வால்வை நானே இணையத்தில் வாங்கிக் கொடுத்தேன்; அதைத் திருகத் திருகக் குழாயின் களகளப்பு அடங்கி, கடைசிக் கால் சுற்றில் அறையே அமைதியானது.

இதைவிடப் பெரிய பிழை உப்புக் கலப்பதற்கு முன்பே வெளிப்பட்டது நல்லதாயிற்று. வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி, மின்வெட்டு வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் பம்ப்பை வேண்டுமென்றே நிறுத்தினேன். சம்ப்பில் நீர் ஏறிக்கொண்டே வந்து விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடியது. தொட்டியின் பரப்பு ஏறத்தாழ 7,400 சதுர செ.மீ. என்பதால், நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினாலே 7.4 லிட்டர் கீழே வரும். பம்ப் அனுப்பும் நீர் மேல்தொட்டியில் விழும் ரிட்டர்ன் முனையை அவர் நீர்மட்டத்துக்கு 8 செ.மீ. ஆழத்தில் வைத்திருந்ததால், பம்ப் நின்றதும் அதே குழாய் சைஃபன் பிடித்துக் கீழே இழுத்த நீர் கிட்டத்தட்ட 60 லிட்டர், சம்ப்பில் மிச்சமிருந்த இடமோ அதற்கும் குறைவு. “ஒரு என்.ஆர்.வி. போட்டுடலாம் சார், ஒரு சொட்டு கீழ வராது” என்றார்; நீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு அது. நன்னீருக்கு அது சரியாக இருக்கலாம். கடல்நீரில் அந்த வால்வின் மடலில் சுண்ணப் படிவு ஏறி, என்றாவது ஒரு நாள் அது மூடாமல் நின்றுவிடும். முனையை 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்தச் சொன்னேன். இப்போது முனை வழியாக இறங்குவது சுமார் 15 லிட்டர்தான்.

சம்ப்பில் பாசி வளர்க்கும் அறையான ரெஃப்யூஜியத்தை, நுரை எழுப்பி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் பம்ப்புக்கும் நடுவில் அமைத்து முழு ஓட்டத்தையும் அதன் வழியே விட்டிருந்தார்கள். அங்கே வளர்க்கும் கீட்டோமார்ஃபா பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளர்வது. அதன் சிக்கலில்தான் கோப்பிபாட் போன்ற மிகச்சிறிய ஓட்டுடலிகள் ஒளிந்து பெருகுகின்றன. அவ்வளவு வேகத்தில் நீர் பாய்ந்தால் பாசி உருண்டு தடுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், இழைகள் பம்ப்புக்குள் போகும். எனவே அந்த அறையை ஓரத்துக்கு மாற்றி, ரிட்டர்ன் குழாயில் ஒரு டீ போட்டு, சிறிய பால் வால்வு வழியாக மெல்லிய ஓட்டம் கொடுக்க வைத்தேன். இதற்காகத் தடுப்புகளை அறுத்து மீண்டும் ஒட்ட வந்தபோது கடைக்காரர் கூடுதல் பணம் கேட்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மேல் விளக்கு அணைந்தபின் இரவில் மட்டும் ரெஃப்யூஜியம் விளக்கு எரிவதால், விடியற்காலையில் பி.எச். முன்போல் சரிவதில்லை. பச்சை நைலான் நூல்கண்டு போலிருக்கும் அந்தப் பாசியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி வெட்டி எடுக்கிறேன்.

பம்ப்பைக் கழற்ற யூனியன் என்னும் திருகிப் பிரிக்கும் இணைப்பு வைக்காமல் நேராக ஒட்டியிருந்ததையும் பிறகு வெட்டித்தான் சரிசெய்தோம். இவர்களிடம் கண்ணாடி வேலையைத் தயங்காமல் கொடுக்கலாம். குழாய் வேலையையும் கொடுப்பதானால் ஒவ்வொரு வால்வும் எங்கே, எந்தப் பொருளில், முனை எத்தனை செ.மீ. ஆழத்தில் என்று தாளில் வரைந்து கொடுத்துவிட்டு, ஒட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்டாண்டின் குறுக்குச் சட்டம் மட்டும் இன்னும் தாழ்வாகவே இருக்கிறது. ஸ்கிம்மரின் அழுக்குக் கிண்ணத்தை நேராகத் தூக்க முடியாமல் ஒவ்வொரு வாரமும் சாய்த்து எடுக்கும்போது, அந்தக் கறுப்புத் தண்ணீரில் கொஞ்சம் சம்ப்புக்கே திரும்பிவிடுகிறது. மாற்றித் தருவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.