மீகாங்கா, ஹோய் ஆனா, மாய் சாவா? வியட்நாம் கிராமத்தில் ஒரு நாள் கழிக்க எது சரி

வியட்நாம் போய்வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஊர் சுத்திப் பாக்குறது இருக்கட்டும். கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போய்ச் சமைக்க, பானை செய்ய, நெய்யச் சொல்லித் தர்றாங்களாமே, அதுல எதுக்குப் போகலாம்?"

மார்ச் மாதம் அம்மா, நான், என் வீட்டுக்காரர் மூன்று பேரும் 12 நாள் போயிருந்தோம். தெற்கே மீகாங் ஆற்றுப் படுகையில் பென் ட்ரே, நடுவே ஹோய் ஆனைச் சுற்றியுள்ள கிராமங்கள், வடக்கே மலைகளுக்கு நடுவில் மாய் சாவ் என்று மூன்று இடத்திலும் பணம் கட்டிப் பார்த்துவிட்டோம். என் ஓட்டு ஹோய் ஆனுக்கு. அதிலும் ட்ரா குவே என்கிற கீரைக் கிராமத்துக்கு.

பொதுவான விஷயங்களை நீட்டவில்லை. மூன்று இடத்திலும் ஆங்கிலம் பேசும் வழிகாட்டி கிடைப்பார். தலைக்கு ஓலைத்தொப்பி, மதியச் சாப்பாடு உண்டு. செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை, மாய் சாவ் என்றால் ஓர் இரவுத் தங்கல் கூடும். இதையெல்லாம் வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்றையும் பார்த்த பிறகு நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: நாம் போகாவிட்டாலும் அந்த வேலை அன்றைக்கு அங்கே நடந்திருக்குமா?

முதலில் மீகாங். நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் போகிறார்கள், காரணமும் இருக்கிறது. 2023-ல் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் தொடங்கியது. அங்கே இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் மி தோ என்ற ஆற்றங்கரை ஊர். படகேறி டிராகன், யூனிகார்ன், ஆமை, ஃபீனிக்ஸ் என்று பெயர் வைத்த நான்கு தீவுகளைச் சுற்றி, பென் ட்ரேயில் தேங்காய் மிட்டாய் செய்வதைப் பார்த்து, நீர்த்தென்னை இரண்டு பக்கமும் கவிந்த ஓடையில் துடுப்புப் படகில் போய், மாலையில் திரும்பிவிடலாம்.

மிட்டாய் செய்யும் இடம் நன்றாகவே இருந்தது. தேங்காய்ப் பாலையும் சர்க்கரையையும் மால்ட் பாகையும் பெரிய சட்டியில் ஊற்றி, மோட்டார் கரண்டி விடாமல் கிளறுகிறது. இறுகியதும் நீளநீளமான அச்சில் அழுத்தி ஆறவைத்து, துண்டு போட்டு, மெல்லிய அரிசித்தாளில் சுற்றி, அதற்குமேல் காகிதம் சுற்றுகிறார்கள். வாயில் போட்டால் அந்த அரிசித்தாள் நாக்கில் ஒட்டிக் கரையும். சுற்றிக்கொண்டிருந்த பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்து அம்மா, தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டும் பிள்ளைகள் ஞாபகம் வருகிறது என்றாள். நாம் போகாவிட்டாலும் அந்த மிட்டாய் சந்தைக்குப் போயிருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் நமக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். இரண்டு மிட்டாய் சுற்றிப் பார்ப்பதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் வந்து நின்றது. அப்புறம் தேன் தேநீர், பழத்தட்டு, பாட்டு, கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுப் படம், மறுபடி படகு. அன்றைக்குப் பாதிப் பொழுது ஏறுவதிலும் இறங்குவதிலும் போனது. தவிர, தென்னை நமக்குப் புதிதும் இல்லை. மட்டை, சிரட்டை, நார் என்று அவர்கள் காட்டிய அத்தனைக்கும் அம்மாவிடம் ஒரு கதை இருந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் போனது ஒரு நாள் கூட்டுப் பயணம். அதே பகுதியில் ஆற்றோரத்து வீடுகளில் இரவு தங்கி, காலையில் அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்கிறவர்களுக்கு வேறு மீகாங் கிடைக்கலாம். அதை நான் பார்க்கவில்லை. ஒரு நாள் பயணத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

இப்போது ட்ரா குவே. ஹோய் ஆன் பழைய நகரத்திலிருந்து 3 கிலோமீட்டர்தான். மேடு பள்ளமில்லாத பாதை, இரண்டு பக்கமும் வயல், சைக்கிளிலேயே போய்விடலாம். அம்மாவை மட்டும் காரில் அனுப்பினோம். அவளுக்கு 67 வயது, மூட்டுவலி. ஆனால் வீட்டுப் பின்கட்டில் அரைக்கீரையும் தண்டங்கீரையும் போடாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் நிகழ்ச்சி எட்டரைக்குத்தான். சீக்கிரம் போனதுதான் எங்கள் அதிர்ஷ்டம். நேர்க்கோடாகப் பாத்திகள், கொத்தமல்லி, புதினா, வெங்காயத்தாள், திருநீற்றுப்பச்சிலை போல மணக்கிற ஒரு துளசி, ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் ஊதாவுமாக தியா தோ இலை, கசக்கினால் மீன் வாடை அடிக்கிற இன்னொரு இலை. பாத்திக்கு இடையில் மூன்று நான்கு பேர் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அறுத்ததைக் கட்டுக்கட்டாக மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒருவர் சந்தைக்குக் கிளம்பிப் போனார். ஹோய் ஆனில் நாம் சாப்பிடும் காவ் லாவ் நூடுல்ஸின் மேல் போடுகிற இலையெல்லாம் இப்படித்தான் போகிறது.

நான் சொன்ன கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அது மணல்கலந்த மண். தண்ணீர் நிற்காது. அதனால் காலையிலும் மாலையிலும் ஊற்றியே ஆக வேண்டும். யாரும் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வேலை நிற்காது.

தண்ணீர் ஊற்றுவதைத்தான் எல்லா விளம்பரத்திலும் படமாகப் போடுகிறார்கள். நேரில் அது வேறு. தோளில் காவடி மாதிரி ஒரு மூங்கில் கழி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பூவாளி. இரண்டு கையாலும் இரண்டு பூவாளியை ஒரே நேரத்தில் சாய்த்துக்கொண்டு பாத்திக்கு நடுவே நடக்க வேண்டும். நான் தூக்கியதும் முன்பக்கம் இழுத்தது. ஒரு பூவாளி கொட்ட, இன்னொன்று கொட்டவில்லை. எடை குறைந்த பக்கம் கழி தூக்கிக்கொண்டது, பாதி நாற்று சாய்ந்தது. நாங்கள் பதிவு செய்திருந்த வீட்டின் பாட்டி வந்து என் முழங்கையைப் பிடித்து உடம்போடு ஒட்டவைத்தார். அவ்வளவுதான், கழி அமைதியாகிவிட்டது. கை சாய்க்கக் கூடாது, இடுப்பு சாய வேண்டும். அதை அவர் வாயால் சொல்லவே இல்லை.

உரம் என்று பார்த்தால் பக்கத்து ஏரியிலிருந்தும் ஆற்றிலிருந்தும் அள்ளிவரும் பாசி. மண்ணைக் கொத்திவிட்டு, அந்த ஈரப்பாசியைப் பரப்பி, மேலே மண் மூடி, அதில்தான் நாற்று நடுகிறார்கள். அந்தப் பாசிதான் ட்ரா குவே கீரைக்குத் தனி மணம் தருகிறது என்பது ஊர்க்காரர்கள் சொல்வது. அம்மா உட்கார முடியாமல் நின்றபடியே பார்த்தாள். பாட்டி ஒரு குட்டைப் பலகையைக் கொண்டுவந்து போட்டார். அம்மா உட்கார்ந்து நட்ட முதல் நாற்றைப் பாட்டி பிடுங்கிவிட்டு, விரலில் இரண்டாவது கணு வரை காட்டி, அவ்வளவு ஆழம் என்றார் கையால். எங்கள் ஊரில் இவ்வளவு ஆழம் வைத்தால் அழுகிவிடும் என்று அம்மா தமிழிலேயே பதில் சொன்னாள். பாட்டி மண்ணை அள்ளி அவள் உள்ளங்கையில் போட்டுக் காட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. அம்மா தலையாட்டிவிட்டு, அடுத்த நாற்றை ஆழமாக வைத்தாள். கூலி வாங்கிக்கொண்டு நடிக்கிறவர், வந்தவர் தப்பாக நட்டால் பிடுங்க மாட்டார். அது அவருடைய பாத்தி, அடுத்த மாதம் அவர் அறுக்க வேண்டியது. அதனால்தான் பிடுங்கினார்.

சமையலும் அந்த வீட்டிலேயே. பான் செயோ சுட்டோம். அரிசிமாவும் மஞ்சளும் கரைத்த மாவு, புளிக்கவைப்பதில்லை. கல்லில் ஊற்றும்போது வருகிற 'சொய்ங்' சத்தத்துக்குத்தான் 'செயோ' என்று பேர். தோசை ஊற்றிய கை என்பதால் அம்மாவுக்கு முதல் முறையே வந்துவிட்டது. ஆனால் நாம் செய்வது போலப் பரப்பித் தேய்க்கக் கூடாது, சட்டியைச் சாய்த்து ஓடவிட வேண்டும். அதை விள்ளி, காலையில் பறித்த இலைகளோடு அரிசித்தாளில் உருட்டிச் சாப்பிடுவது. உள்ளே இறாலும் பன்றியும் போடுவது வழக்கம். சைவக்காரர்கள் முன்பே சொன்னால் காளானும் முளைப்பயறும் போட்டுத் தருகிறார்கள். 'சாய்' என்றால் சைவம். பௌத்த வழக்கப்படி அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமிக்கும் பலர் அங்கே சைவம் சாப்பிடுவதால் அந்தச் சொல் எல்லோருக்கும் புரியும். ஆனால் தொட்டுக்கொள்ளும் சாறில் மீன் சாஸ் (ஃபிஷ் சாஸ்) இருக்கும், அதையும் மறக்காமல் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஹோய் ஆனைச் சுற்றியுள்ள எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். கம்தன் பக்கத்து நீர்த்தென்னைக் காட்டில் மூங்கில் கூடைப்படகைச் சுழற்றி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்குத் தலைவலிதான் மிச்சம். து போன் ஆற்றங்கரையில் இருக்கும் தன்ஹா மண்பாண்ட ஊர் நடுத்தரம். நுழைவுச்சீட்டோடு ஒரு சுட்டமண் ஊதலைக் கையில் கொடுக்கிறார்கள், எலி, எருமை, புலி என்று ஆண்டுக்கு ஒன்றாக வரும் அவர்களுடைய 12 ராசி விலங்குகளில் ஏதாவது ஒன்று. இரண்டு பெண்கள் சேர்ந்து வனைவது பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. ஒருவர் நின்றபடி ஒரு காலால் சக்கரத்தை உதைத்துச் சுழற்ற, இன்னொருவர் உட்கார்ந்து மண்ணை எழுப்புகிறார். ஒரு காலத்தில் ஊருக்கே ஓடும் செங்கலும் தண்ணீர்ச்சாடியும் கொடுத்த இடம். இன்றைக்கு நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் வந்தவர்கள் வாங்கிப்போகிற சிறு பொம்மைகள்தான். நாம் செய்கிற கிண்ணமும் காய்ந்து, சூளை ஏறி வர நாளாகும். கையோடு எடுத்துப்போக முடியாது. ட்ரா குவேயில் காலையில் பறித்ததை மதியம் சாப்பிட்டுவிட்டோமே, அந்த நிறைவு இங்கே கிடைக்கவில்லை.

மாய் சாவ் பற்றிக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டும். ஹனோயிலிருந்து கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர், மலைப்பாதை, நான்கு மணி நேரம் ஆனது. லாக் என்ற ஊரில் 'வெள்ளைத் தாய்' (White Thai) என்ற இனத்தவரின் மரக்கால் வீட்டில் ஓர் இரவு தங்கினோம். மேலே பலகைத் தரையில் மெத்தை, கொசுவலை. கீழே தறி. மூங்கில் குழாயில் அடைத்துச் சுட்ட ஒட்டரிசிச் சோறு அருமை, மூங்கிலின் உள்தோல் சோற்றோடு மெல்லிய சவ்வாக ஒட்டிவரும். விடிகாலையில் வயல்மேல் பனி விலகுவதைப் பார்க்க அந்த நான்கு மணி நேரம் தகும். கிராமத்தில் தூங்கி எழ வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், நான் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு மாய் சாவ் போங்கள். இந்த ஒன்றில் ட்ரா குவே இதற்கு ஈடில்லை.

ஆனால் கைவேலை? தறியில் உட்காரவைத்தார்கள், பத்து நிமிடம் ஓடம் தள்ளினேன், கால்மிதி பிடிபடுவதற்குள் எழுந்துவிட்டேன். நெசவு ஒரு நாளில் கைக்கு வருகிற வேலையில்லை. கடைகளில் தொங்கிய துணியில் பலவும் தறித்துணி போலத் தெரியவில்லை. வாங்குவதாக இருந்தால் துணியைத் திருப்பிப் பின்பக்க நூலையும் ஓரத்தையும் பாருங்கள், கைநெசவில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம் இருக்கும். வீட்டு அம்மா தனக்காக நெய்த பாவாடைக்கரை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார், அது விற்பனைக்கில்லை. அந்தத் தறி இன்னும் அவர்களுக்காகவும் ஓடுகிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. மூன்று நான்கு நாள் தங்கியிருந்தால் என் எண்ணம் மாறியிருக்குமோ என்னவோ. பெரியவர்களோடு போகிறவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். வீட்டுக்கு ஏறும் படி செங்குத்து, கழிப்பறை எங்களுக்குக் கீழேதான் இருந்தது. அம்மா இரவில் இரண்டு முறை இறங்கி ஏறினாள், அடுத்த நாள் முழுக்க நடக்கச் சிரமப்பட்டாள்.

ட்ரா குவேக்கு ஒரு பயம் உண்டு. ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2024-ல் அந்த ஊரைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக அறிவித்தது. கூட்டம் கூடத்தான் செய்யும். நாங்கள் இருந்தபோதே ஒன்பது மணிக்குமேல் பேருந்துகள் வரத் தொடங்கிவிட்டன, அதற்குப் பிறகு பாத்தியில் நின்றவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல வந்தவர்கள். ஆகவே போனால் விடிகாலை போங்கள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்து போங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. அக்டோபர், நவம்பரில் ஆறு பெருகினால் ஹோய் ஆன் தெருக்களிலேயே படகு ஓடும், அப்போது பாத்தி இருக்காது.

பதிவு செய்யும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், "எத்தனை மணிக்குத் தண்ணீர் ஊற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். எங்களுக்கு அந்த வீட்டிலிருந்து "காலை ஆறு, மாலை நாலரை" என்று பதில் வந்தது. வேறோர் இடத்தில் கேட்டபோது, "நீங்கள் எப்போது வந்தாலும் ஊற்றலாம்" என்றார்கள். அந்த இரண்டாவது இடத்தைத் தவிர்த்துவிட்டோம்.