ஸ்லாக்: இலவசமா, கட்டணமா?

ஸ்லாக், கந்தோரில் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் செயலி. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஐந்தாறு பேர் இருக்கும் சிறிய மென்பொருள் கந்தோருக்குத் தொடக்கத்தில் இலவசத் திட்டமே போதும். ஆனால் 90 நாட்களுக்கு முந்தைய உரையாடல் கண்ணில் படாது; ஒரு வருடம் தாண்டினால் அழிந்தே போகும். வாடிக்கையாளர் எப்போதோ கேட்ட மாற்றத்தைத் தேடும்போதுதான் அந்த இழப்பு உறைக்கும்.

என்னைக் கேட்டால் கட்டணத் திட்டம்தான். பழையதெல்லாம் கையில் இருக்கும். சரி, தலைக்கு இவ்வளவு என்று டொலரில் கணக்கு. ரூபா சரிந்தால் செலவு ஏறும். 2022இல் அதை நன்றாகவே பட்டோம். ஆகவே பயிற்சிக்கு வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் விலகும் அன்றே அவர்களுடைய கணக்கை முடக்கிவிடுங்கள். அவர்கள் எழுதியவை அப்படியே இருக்கும். அப்புறம், ஒரே சனலில் (ஒரு விடயத்துக்கென்று பிரித்த உரையாடல் அறையில்) மட்டும் வேலையுள்ளவர்களை விருந்தினராகச் சேர்க்கலாம். கட்டணம் கட்டும் ஒருவருக்கு 5 விருந்தினர் வரை இலவசம்.