முண்டுக்கில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீடு

பாலித் தீவின் வடக்கு மலைச்சரிவில், புலேலெங் மாவட்டத்தில் இருக்கிற ஊர் முண்டுக். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நானும் அம்மாவும் அங்கே ஒரு குடும்பத்தின் வீட்டில் ஆறு இரவு தங்கினோம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. போன வருஷம் தங்கிவிட்டு வந்த தோழி சொல்லித்தான் போனோம். ஒரு நாள் வாடகை 3 லட்சம் இந்தோனேசிய ரூபியா, காலைச் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி. ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். ங்குரா ராய் விமான நிலையத்திலிருந்து பெடுகுல் வழியாகக் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பேசிய தொகை 7 லட்சம். மலை ஏறியதும் ஓட்டுநர் இன்னும் ஒரு லட்சம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அம்மா களைத்திருந்ததால் கொடுத்துவிட்டேன். கிளம்பும் முன்பே முழுத் தொகையையும் செய்தியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விசாவுக்கான 5 லட்சம் போக, 2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்கு வரும் வெளிநாட்டவர் ஆளுக்கு 1,50,000 ரூபியா தனியாகக் கட்ட வேண்டும்.

வீடு என்றால் ஒரே கட்டடம் இல்லை. ஒரு சுற்றுச்சுவருக்குள் நாலைந்து சின்னக் கட்டடங்கள், நடுவில் பெருக்கி வைத்த மண் முற்றம். சமையலறை ஒரு பக்கம், அவர்கள் படுக்கும் அறைகள் ஒரு பக்கம், குடும்பக் கோயில் ஒரு மூலையில். மலைப் பக்கமும் சூரியன் உதிக்கும் பக்கமும் சேர்கிற மூலை அது. மலைப் பக்கத்தை அவர்கள் ‘காஜா’ என்கிறார்கள். தெற்கு பாலியில் இருப்பவர்களுக்குக் காஜா என்றால் வடக்கு, ஆகவே கோயில் நம் ஈசானிய மூலையில் வந்துவிடும். முண்டுக்கோ மலைக்கு வடக்கே இருக்கிறது. இங்கே காஜா என்றால் தெற்கு. அம்மா மறுநாள் காலை சூரியனைப் பார்த்து, “கோயில் தென்கிழக்கில் அல்லவா இருக்கிறது” என்று கேட்டபோதுதான் வீட்டுக்காரர் இதை விளக்கினார்.

அவரை நாங்கள் ‘பாக்’ என்றும் அவர் மனைவியை ‘இபு’ என்றும் கூப்பிட்டோம். ஊரே அப்படித்தான் கூப்பிடும். என் அம்மாவை அவர் ‘தாதோங்’ என்றார், பாலி மொழியில் பாட்டி. அம்மா அவரைத் தம்பி என்றே கூப்பிட்டார். ஆறு நாளும் அது சரியாகவே போனது.

எங்கள் அறை மாடியில். கட்டில் நல்ல கட்டில், போர்வை கனமானது, அது வேண்டும். இரவில் நன்றாகக் குளிர்கிறது. குளியலறையில் சிமெண்ட் தொட்டியும் பிளாஸ்டிக் குவளையும், மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். வெந்நீர் சொன்னால் வாளியில் வரும். ஜன்னல் கதவு ஒன்று முழுக்கச் சாத்தாது. விடிகாலையில் பனிப்புகை உள்ளேயே வந்து துணியெல்லாம் ஈரமாகிவிடும். நாலு மணிக்குச் சேவல்கள் தொடங்கிவிடும். இதெல்லாம் எனக்குக் குறையாகப் படவில்லை. மாடிப்படிதான் குறை. செங்குத்தான படி, கைப்பிடி கிடையாது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, மழை பெய்த அன்று இறங்கப் பயந்தார். பாக்கிடம் நேராகவே சொன்னேன். அன்றிரவே கீழறையிலிருந்த மகனை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டு எங்களுக்கு அதைக் கொடுத்தார்கள்.

சாப்பாடு. காலையில் வாழைப்பழ பஜ்ஜி போல ஒன்று, ‘பீசாங் கோரெங்’. கூடவே காபித்தூளைக் கோப்பையிலேயே போட்டுக் கொதிநீர் ஊற்றிய கோப்பி. தூள் அடியில் தங்கும்வரை பொறுக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 40 ஆயிரம் கொடுத்தோம். சோறு, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) வறுவல், ஏதாவது ஒரு கீரை. மூன்றாம் நாள் இபு கீழே செரிரித் பக்கம் போய்வந்தபோது ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்தார். அங்கே அதற்குக் ‘கெலோர்’ என்று பெயர். சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுத் தண்ணியாக வைத்த அந்தச் சாறை அம்மா மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தார். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ‘சம்பல்’ என்கிற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். ‘தன்பா தெராசி’ (இறால் விழுது இல்லாமல்) என்று முதல் நாளே சொல்லிவிட்டால் தனியாக அரைத்துத் தருகிறார்கள்.

ஆகஸ்ட் அங்கே கிராம்பு அறுவடைக் காலம். சாலையோரம், முற்றம், கோயில் முன்னால் என்று எங்கே பார்த்தாலும் தார்ப்பாயில் கிராம்பு காய்கிறது. ஒற்றை மூங்கிலில் கட்டை செருகிய ஏணியை மரத்தில் சாய்த்து, கயிறு கட்டி, ஆண்கள் உச்சிவரை போய்ப் பறிக்கிறார்கள். சாயங்காலம் கொத்துகள் கூடையில் வந்து இறங்கும். அப்புறம் வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மொட்டைக் காம்பிலிருந்து கழற்றுவார்கள். கொத்தை ஒரு கையில் பிடித்து, மறு உள்ளங்கையில் வைத்து ஒரு திருப்பு. மொட்டுகள் பொலபொலவென்று விழும். பச்சையும் இளஞ்சிவப்புமாக, ஈரமாக இருக்கும். காம்பையும் வீணாக்குவதில்லை, காயவைத்துக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். உதிர்ந்த இலையைக்கூடப் பெருக்கி எடுத்து எண்ணெய் காய்ச்சக் கொடுக்கிறார்கள். நாட்டின் கிராம்பில் பெரும்பகுதி கிரெதெக் சிகரெட்டுக்குப் போகிறது என்று கேட்டபோது அம்மாவுக்கு மனசே ஆறவில்லை.

இரண்டாம் நாளே அம்மா அந்த வட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். இபுவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தோனேசிய மொழி தெரியாது. இரண்டு பேரும் ஒன்பது மணிவரை பேசிக்கொண்டே கழற்றினார்கள். வாங்குகிற காசுக்கு இதைச் சேர்த்துக் கணக்குப் போட முடியாது. ஆனால் இந்த வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொல்வதே இதற்காகத்தான்.

இன்னொரு விஷயத்தையும் எழுத வேண்டும், ஏனென்றால் நான் போனதில் பாதிக் காரணம் அது. அங்கே சின்னதாக ஓர் இடம் வாங்கி, வருஷத்தில் மூன்று மாதம் இருக்கலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. பாக் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து விளக்கினார். பாலியில் நிலத்தை ‘ஆரே’ கணக்கில் பேசுகிறார்கள். ஓர் ஆரே 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். 1960-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி முழு உரிமையான ‘ஹக் மிலிக்’ இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிவைப்பது செல்லாது. அப்படிக் கைமாறிய நிலம் அரசுக்குப் போகும் என்று சட்டமே சொல்கிறது. வெளிநாட்டவருக்குக் குத்தகை உண்டு, ‘ஹக் பாக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை உண்டு.

அவர் வீட்டு மனையே அவருக்குச் சொந்தமில்லை. அது ஊரின் மரபுச் சபையான ‘தேச அடத்’துக்கு உரியது. குல்குல் என்கிற மரமுரசு அடித்தால் ஊர் வேலைக்குப் போக வேண்டும், கோயில் முறை செய்ய வேண்டும். அதைச் செய்கிறவரை குடும்பம் அங்கே இருக்கலாம், விற்க முடியாது. கிராம்புத் தோப்பு மட்டும் சொந்தப் பத்திரத்தில் இருக்கிறது. அதில் 10 ஆரேயை 25 வருஷக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்தாராம். “மரம் அப்பா நட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து மரம் இருக்குமா, நீச்சல்குளம் இருக்குமா?” என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. என் ஆசை அந்த மாலையோடு போய்விட்டது. இந்த வீட்டில் வாடகைக்கு வந்து இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

சுற்றிப் பார்க்க மெலந்திங் அருவி உண்டு, இறங்கும் பாதை வழுக்கும். தம்ப்ளிங்கான் ஏரிக்குக் கட்டாயம் போங்கள். அங்கே மோட்டார் படகு கிடையாது, மரத்தைக் குடைந்த ஓடத்தில் துடுப்புப் போட்டு அழைத்துப் போகிறார்கள். ஏரிக்கரைக் கோயிலில் நாங்கள் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். நியெப்பி என்கிற மௌன நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; மார்ச் வாக்கில் வரும் அந்த ஒரு நாள் தீவே அடங்கிவிடும், விமான நிலையமும் மூடிவிடும்.

அடுத்த வருஷம் ஜூலை கடைசியில் பத்து நாள் வருகிறோம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். முன்பணம் வேண்டாம் என்றுவிட்டார். மாடிப்படிக்கு மூங்கிலில் ஒரு கைப்பிடி மட்டும் கேட்டேன். போன வாரம் படம் அனுப்பியிருந்தார், கட்டியாகிவிட்டது. கீழ்ப்படியில் ஒரு கூடைக் கிராம்பும் இருந்தது.