உளுந்தம்பருப்புச் சோறா, இட்லியா: ஒரே அரிசி, ஒரே உளுந்து, இரண்டு கணக்கு

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் அரிசியும் உளுந்தும் சேர்ந்து இரண்டு வேடம் போடுகின்றன. காலையில் இட்லியாக வருகின்றன. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஓய்வு நாளின் மதியத்தில், எள்ளுத் துவையலும் அவியலும் துணைக்கு வர, உளுந்தம்பருப்புச் சோறாக வருகின்றன. கறி சமைக்கும் வீடுகளில் அவியலின் இடத்தைக் கோழிக்குழம்பு பிடித்துக்கொள்ளும். இரண்டில் எது உடம்புக்கு நல்லது என்று பேச்செடுத்தால், வீட்டுப் பெரியவர்கள் ‘உளுந்தஞ்சோறுதான் இடுப்புக்குப் பலம்’ என்பார்கள். வயிற்று உபாதைக்கு மருத்துவரைப் பார்த்து வந்தவர்களோ ‘இட்லி மாதிரி லேசான பலகாரம் உண்டா’ என்பார்கள். இரு தரப்பின் முடிவிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. சொல்லும் காரணங்கள்தாம் பிசகுகின்றன.

முதலில் பக்குவத்தைப் பார்ப்போம். உளுந்தஞ்சோற்றுக்கு ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு தொலி உளுந்து, அதாவது கறுப்புத் தோல் நீக்காத உளுந்து. உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்து, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவல், உப்பு எல்லாம் போட்டு, மூன்று பங்கு தண்ணீரில் குழைய வேகவைப்பது வழக்கம். இட்லிக்கு நாலு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அதுவும் தொலி நீக்கியது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 போன்ற குண்டரிசி இதற்கு வாகாக இருக்கும்.

உளுந்தில் புரதம் மிகுதி என்பதால் அதைக் கூடுதலாகச் சேர்க்கும் சோறுதான் புரதத்தில் வெகுவாக முந்தும் என்று நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. 100 கிராம் உளுந்தில் சுமார் 22 கிராம் புரதம், அரிசியில் சுமார் 8 கிராம். ஆக, அரிசியும் உளுந்துமாக 300 கிராம் எடுத்துக்கொண்டால், சோற்று விகிதத்தில் 38 கிராம் புரதம் கிடைக்கிறது; இட்லி விகிதத்தில் 32 கிராம் கிடைக்கிறது. வேறுபாடு உண்டு, ஆனால் அது பெருமை பேசும் அளவுக்கு இல்லை. மேலும், அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் உளுந்தில் நிறைய இருப்பதால், இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது; இந்த நன்மை இரு தட்டுகளுக்கும் பொது.

உண்மையான வித்தியாசம் தொலியில் இருக்கிறது. தொலியோடு கூடிய உளுந்தில் 100 கிராமுக்கு சுமார் 20 கிராம் நார்ச்சத்து. தொலி போன பருப்பில் சுமார் 12 கிராம்தான். அரிசியின் நாரையும் சேர்த்தால், அதே 300 கிராம் கணக்கில் சோற்றுக்கு 26 கிராமும் இட்லிக்கு 14 கிராமும் தேறுகின்றன, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. எங்கள் ஆச்சி இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டு, விடிகாலையில் இரு கைகளாலும் தேய்த்துத் தேய்த்து, மிதந்து வரும் கருந்தொலியைச் சுளகில் அள்ளி மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கொட்டுவாள். அந்த நார்ச்சத்து முழுவதும் பசுவுக்குப் போயிற்று. மலச்சிக்கல் என்று கஷாயம் குடித்தது தாத்தா.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது முக்கியமான இடம். மாவாக அரைபட்டு ஆவியில் வெந்த மாவுச்சத்து விரைவாகச் செரித்துச் சர்க்கரையாகிவிடும். நார்ச்சத்து அந்த வேகத்தைச் சற்றுத் தடுக்கும். ஆனால் சோற்றின் மணத்தில் மயங்கி மூன்று அகப்பை வாங்கிக்கொண்டால் இந்த நன்மை அளவில் அடிபட்டுவிடும். இட்லியை எண்ணிச் சாப்பிடுவது போலச் சோற்றை யாரும் எண்ணுவதில்லை.

இட்லியின் பலம் வேறு. புளிக்கும் இரவில் லியூக்கோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகள் மாவில் பெருகி, அதிலுள்ள பைட்டிக் அமிலத்தைக் குறைக்கின்றன. இரும்புச் சத்தையும் துத்தநாகத்தையும் உடல் ஏற்கவிடாமல் கட்டிப்போடுவது அந்த அமிலமே. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைகளும் புளிப்பில் குறைகின்றன. ஆகவே காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் பல் போன முதியவருக்கும் இட்லி இதமாக இருப்பது வெறும் நம்பிக்கையன்று. ஆனால் ‘இட்லி சாப்பிட்டால் நல்ல பாக்டீரியா வயிற்றுக்குள் போகும்’ என்ற பேச்சு தவறு. இட்லிக்கொப்பரையின் ஆவியில் அவை இறந்துவிடுகின்றன. சாவதற்கு முன் அவை செய்து வைத்த வேலைதான் நமக்குக் கிடைக்கும் பயன்.

எனவே இரும்புச் சத்தைப் பொறுத்தவரை தீர்ப்புச் சொல்வது எளிதன்று. தொலி உளுந்தில் இரும்பு கூடுதல். அதைத் தடுக்கும் பொருள்களும் கூடுதல். சோறு உண்பவர்கள் ஒரு நெல்லிக்காய்ப் பச்சடியையோ எலுமிச்சைச் சாறு பிழிந்த காய்க்கலவையையோ சேர்த்துக்கொண்டால், வைட்டமின் சி அந்தத் தடையைத் தளர்த்தும். இலையை எடுத்த கையோடு காப்பி டம்ளரைத் தேடுவது நேர்மாறான வேலையைச் செய்யும். ஒரு மணி நேரத்துக்கு மேலாவது பொறுப்பது நல்லது.

எள்ளுத் துவையலுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உளுந்தில் குறைந்திருக்கும் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் எள்ளில் நிறைய இருப்பதால், இந்தச் சேர்க்கை சுவைக்கு மட்டும் ஏற்பட்டதன்று. 100 கிராம் எள்ளில் 1000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்பதும் உண்மை. ஆனால் நாம் தொட்டுக்கொள்வது 10 கிராம் எள்தான், அதிலுள்ள கால்சியத்திலும் ஒரு பகுதி, அதைக் கட்டிப்போடும் ஆக்சலேட் என்னும் பொருளில் சிக்கிக்கொள்கிறது. எலும்புக்கு அதையே நம்பி மோரை ஒதுக்கிவிடக் கூடாது.

பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்குக் கிண்டும் உளுந்தங்களியையும் இந்தப் போட்டியில் சேர்ப்பார்கள். உளுந்தின் பங்கு அதில்தான் அதிகம். ஆனால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சம அந்தஸ்தில் இருப்பதால், வளரும் பிள்ளைக்கு ஏற்ற அந்த உருண்டை, சர்க்கரை நோயுள்ள அத்தைக்கு ஏற்றதன்று. கருப்பட்டியும் சர்க்கரைதான்.

என் தேர்வு மதியத்துக்கு உளுந்தஞ்சோறு, இரவுக்கும் நோயாளிக்கும் இட்லி. தொலியோடே இட்லிக்கு அரைத்துப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் சற்றுக் கனமாக வந்த இட்லியை வீட்டில் நானும் என் மனைவியும் மட்டுமே தொட்டோம். அதற்குப் பிறகு, தொலி உளுந்தையும் எள்ளையும் வறுத்து இடித்த பொடியைப் பிள்ளைகளின் தட்டில் இட்லிக்குப் பக்கத்தில் வைக்கிறோம். நல்லெண்ணெயைக் குழி செய்து ஊற்றுவதில்தான் இன்னும் சண்டை.