ஐந்து வருடமாக ஓடும் பழைய ஆபீஸ் பெட்டி: வன்னி வீட்டில் கேம் விளையாட ஒரு கொம்பியூட்டர்

2021 தை மாதம் வவுனியாவில் வாங்கினேன். பழைய ஆபீஸ் கொம்பியூட்டர்களைக் கொண்டுவந்து துடைத்து விற்கிற கடை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏ9 வழியே கிளிநொச்சிக்கு வந்தேன். முறிகண்டியில் எல்லாரும் பிள்ளையாரைக் கும்பிட இறங்க, நான் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு யன்னலால் கச்சான் வாங்கினேன். பெட்டியை விட்டுவிட்டு இறங்க மனம் வரவில்லை.

வீட்டில் அக்காவின் மகன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, உதில லைற் ஒண்டும் எரியாதோ?"

எரியாது. கறுப்புத் தகரப் பெட்டி, முகப்பில் ஸ்டிக்கர் கிழித்த பசை. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று இந்தச் சாதியில் நிறைய வருகின்றன. என்னுடையதும் அப்படி ஒன்று. உள்ளே சிபியு, அதாவது மூளை, இன்டெல் ஐ5-4590, நான்கு கோர், 8 ஜிபி டிடிஆர்3 ராம். பெட்டி 38,000 ரூபாய், 19 அங்குலப் பழைய மொனிட்டர் 9,000, யுபிஎஸ் 7,500. அன்றைய கணக்கு அது. அடுத்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபின் அந்தக் காசுக்கு ஒன்றும் கிடைத்திராது.

வாங்கும்போது செய்த ஒரே புத்திசாலித்தனம் மினி டவர், அதாவது அகலமான பெட்டி, கேட்டது. ஒரே மொடல் மெலிந்த பெட்டியாகவும் வரும். மேசையில் அழகாக இருக்கும், விலையும் இரண்டு மூவாயிரம் குறைவு. ஆனால் கேமின் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்ட்டில் அரை உயரமானதுதான் மெலிந்ததற்குள் நிற்கும். அதை இங்கே தேடிப் பிடிப்பது பெரிய வேலை, கிடைத்தாலும் விலை கூட.

முதல் இரண்டு வருடம் கார்ட் இல்லாமல், சிபியுவோடு வருகிற எச்டி 4600 கிராபிக்ஸிலேயே ஓட்டினோம். கிரிக்கெட் 07க்கு அது தாராளம். 2006இல் வந்த கேம், இன்னும் எங்கள் பக்கத்துப் பெடியள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஜிடிஏ 5 மட்டும் இழுத்து இழுத்து ஓடியது. பெட்டியில் 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருந்தது. பழைய 8 ஜிபி ஒன்றை 4,500க்கு வாங்கிப் பக்கத்தில் குத்தியதும் 720பி-யில், எல்லா செட்டிங்கையும் அடியில் வைத்து, விளையாடக்கூடிய அளவுக்கு வந்தது. தனிக் கார்ட் இல்லாத கொம்பியூட்டரில் கிராபிக்ஸும் ராமைத்தான் பயன்படுத்தும். இரண்டு குச்சி இருந்தால் பாதை இரண்டு மடங்கு. கார்ட் வாங்கக் காசில்லாதவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

கார்ட் வாங்கியது 2022 கடைசியில். அந்த வருடம் செப்டம்பர் 15இல் எத்தேரியம் என்ற டிஜிட்டல் காசு, கார்ட்களை ஓட்டிக் காசு உண்டாக்குகிற மைனிங் முறையைக் கைவிட்டதோடு மைனிங்காரர்கள் கார்ட்களை விற்கத் தொடங்கினார்கள், எல்லாக் கார்ட்டின் விலையும் கீழே வந்தது. என் பெட்டியின் பவர் சப்ளை 290 வாட், கார்ட்டுக்குத் தனி வயரும் இல்லை. அதனால் போர்டிலிருந்தே 75 வாட்டுக்குள் கரண்ட் எடுக்கிற கார்ட்தான் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, 28,000 ரூபாய், பாவித்தது.

அதற்கு முன் இரண்டு தடவை ஏமாறப் பார்த்தேன். ஒருவர் ஜிடி 1030 காட்டினார், விலை நல்ல விலை. அதில் ஜிடிடிஆர்5 மெமரி போட்டது ஒன்று, பிறகு டிடிஆர்4 மெமரி போட்டு வந்தது ஒன்று. பெயர் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதின் மெமரி வேகம் முதலாவதின் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அவர் காட்டியது இரண்டாவது. இன்னொருவர் "1050 டிஐ" என்று கொண்டுவந்த கார்ட்டின் பின்பக்கம் பழைய மொனிட்டர் கொழுவுகிற நீல நிற விஜிஏ வாய் இருந்தது. அந்தத் தலைமுறைச் சிப்பில் விஜிஏ வெளியீடு கிடையாது. பழைய கார்ட்டின் பயோஸை (கார்ட்டின் பெயரைச் சொல்கிற உள் மென்பொருளை) மாற்றி எழுதி விற்கிற போலிகளில்தான் அந்த வாயை வழக்கமாகக் காணலாம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பெரும்பாலும் போலி என்று காட்டிக்கொடுக்கும். அதை பென் டிரைவில் எடுத்துப் போங்கள். சரியான கார்ட் வந்த அன்று பார்த்தால் என் பழைய மொனிட்டரில் இருந்ததே விஜிஏ மட்டும்! எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்குகிற மாற்றி ஒன்றுக்கு இன்னும் 1,200 ரூபாய்.

இனிக் கரண்ட் கதை. ஐந்து வருடத்தில் கார்ட்டை விட எனக்குத் தலையிடி தந்தது இதுதான். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று பெட்டியின் பின் ஆணியைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும். டெஸ்டரை வைத்தால் மெல்ல எரியும். "பழைய பெட்டிதானே, அப்பிடித்தான்" என்று நான் விட்டுவிட்டேன். வயறிங் செய்கிற அண்ணை ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பெட்டியில பிழையில்லை. உங்கட வீட்டில எர்த் இல்லை" என்றார். சுவரோரம் அடித்திருந்த எர்த் கம்பியின் கிளிப் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. ஆடி, ஆவணியில் மண்ணும் பாறை மாதிரிக் காய்ந்துவிடும். கிணற்றடியில், குளிக்கிற தண்ணி ஓடுகிற இடத்தில், புதுக் கம்பி அடித்துத் தந்தார். அன்றோடு சுள் நின்றது.

பின்னேரம் ரைஸ்மில் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு பல்ப் மங்கும். யுபிஎஸ் இல்லாவிட்டால் பெட்டி தானாக அணைந்து திரும்ப எழும்பும். 650 விஏ யுபிஎஸ் போதும். கேம் ஓடும்போது என் பெட்டியும் மொனிட்டரும் சேர்ந்து 150 வாட் அளவுதான் எடுக்கும். கரண்ட் போனால் ஆறேழு நிமிடம் கிடைக்கும், சேவ் பண்ணி நிறுத்தலாம். அந்த நேரத்தில் தொடர்ந்து விளையாடலாம் என்று நினைக்காதீர்கள், மருமகன் நினைத்துப் பார்த்தான். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது பற்றரி முழுதாகச் சார்ஜ் ஆகவே இல்லை. சில மாதத்தில் ஊதிப்போய்விட்டது. இப்போது மூன்றாவது பற்றரி ஓடுகிறது. இந்த வெக்கைக்கு இரண்டரை வருடம் தாங்கினால் பெரிய விஷயம்.

2023 ஐப்பசி இடிமழையில் பிளக்கைக் கழற்றினேன், றூட்டரிலிருந்து வருகிற நெட்வேர்க் வயரைக் கழற்ற மறந்துபோனேன். றூட்டரும் போர்டில் இருந்த லான் வாயும் சேர்ந்து போயின. யுஎஸ்பியில் குத்துகிற லான் அடப்டர் 1,500 ரூபாய், அதில்தான் இன்றுவரை இன்டர்நெட். மின்னல் தொடங்க முன்பே இரண்டு வயரையும் கழற்றுங்கள்.

போன வருடம் பவர் சப்ளை நின்றது. வயதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்படியான கம்பனிப் பெட்டிகளில் போர்டுக்குப் போகிற வாய் பெரும்பாலும் சாதாரண 24 பின் வாயாக இருக்காது, என்னுடையது 8 பின். கடைக்காரர் தந்த புதுச் சப்ளை கொழுவவில்லை. 24இலிருந்து 8க்கு மாற்றுகிற சிறு வயர் கொழும்பிலிருந்து வர ஒன்பது நாள். பழைய பெட்டி வாங்குகிற அன்றே அந்த வயரையும் வாங்கி லாச்சியில் போட்டுவிடுங்கள்.

தூசி பற்றி ஒன்று. எங்கள் ஒழுங்கை கிரவல். மாசி, பங்குனியில் சூடடிப்புத் தூசியும் சேரும். ஒரு வருடம் திறக்காமல் விட்டதில் சிபியு 95 பாகைக்குப் போய் கேம் நின்று நின்று ஓடியது. பெயின்ட் பிரஷ், புதுத் தேர்மல் பேஸ்ட், அரை மணித்தியால வேலை. எழுபதுக்கு இறங்கியது. பின்பக்கம் தகடு இல்லாத ஓட்டையை மட்டையால் அடையுங்கள். நான் அடைக்காததால் உள்ளே இரண்டு பல்லி முட்டை.

இப்போது என்ன ஓடுகிறது? ஜிடிஏ 5 வழுக்கிக்கொண்டு ஓடும். டோட்டா 2 பரவாயில்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 எல்லாவற்றையும் குறைத்தால் நொடிக்கு அறுபது பிரேம் சொச்சம், புகைக்குண்டு வெடித்தால் விழும். அதற்கு 85 ஜிபி இடம் வேண்டும். எங்கள் டேட்டாவில் அதை இறக்கினால் மாதம் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பைபர் இருக்கிற மச்சான் வீட்டில் இறக்கி, ஹாட் டிஸ்க்கில் ஸ்டீம் (கேம் இறக்குகிற மென்பொருள்) போல்டரோடு கொண்டுவந்து இங்கே கொப்பி பண்ணுவோம். பிறகு சின்ன அப்டேட் மட்டும்தான், அதுவும் இரவு டேட்டாவில்.

வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. என்னுடையது நாலாம் தலைமுறை சிபியு, அது வின்டோஸ் 11க்குத் தகுதியில்லை. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்து இந்த வருடம் ஒக்டோபர் வரை தள்ளுகிறேன். அதனால் இன்று வாங்குகிறவருக்கு என் பெட்டியைச் சொல்ல மாட்டேன். பழையதுதான் வேண்டுமென்றால் எட்டாம் தலைமுறை ஐ5, அதுவும் மினி டவர். புதிதாக எடுக்க முடிந்தால் ரைசன் 5 5600ஜி: ஆறு கோர், தனிக் கார்ட் இல்லாமலே சின்னக் கேம்கள் ஓடும். ராம் மட்டும் இரண்டு குச்சியாக வாங்குங்கள். கண்ணாடி போட்ட லைற் கேஸுக்கு 15,000 கேட்பார்கள். அந்தக் காசுக்கு யுபிஎஸ்ஸும் வாங்கி எர்த் கம்பியும் அடிக்கலாம்.

மருமகனுக்கு இந்த வருடம் ஓ/எல். பெட்டி அவனுடைய அறைக்கு மாறிவிட்டது. போன கிழமை முன்பக்கம் நீல எல்இடி பட்டி ஒன்று ஒட்டியிருந்தான். 450 ரூபாயாம்.